நூறு எண்ணும் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காலை யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஒன்பது நாள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மச்சான் தினேஷ்தான் இழுத்தான் என்று என் வீட்டையே நம்ப வைத்திருந்தேன். அவன் அக்கா, அதாவது என் மனைவி கலா, அவனை ஊர் பார்க்க அறைந்தாள். அவன் பிழைப்புக்கே உலை வைக்க என் மகள் கடிதம் எழுதினாள். நோய் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் பொய்யை விட்டுவிட்டு நோயை மட்டும் சொன்னால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷ வேலை. உயரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடி கப்பலிலிருந்து கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். கழுத்து மணிக்கணக்காகத் தொங்கிக் கிடக்கும். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தூக்கின பெட்டி அந்தரத்தில் இருக்கும்போது கையை எடுக்க மாட்டோம். காலில் நரம்பு சுண்டி இழுக்கட்டும், கண்ணில் தூசி விழட்டும், மூத்திரம் முட்டட்டும், பெட்டி கீழே உட்கார்ந்த பிறகுதான் நமக்கு உடம்பு என்று ஒன்று உண்டு. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

அந்தக் கழுத்துக்காகத்தான் யோகாவுக்குப் போனேன். தினேஷ் நன்றாக இருந்த கூரியர் வேலையை விட்டுவிட்டு யோகா ஆசிரியர் ஆனவன். வாரத்தில் மூன்று நாள் ஒரு சமூக மன்றத்தில் சொல்லிக்கொடுப்பான். அதுதான் அவனுக்குச் சோறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் சொந்தமாக வகுப்பு. கலாவுக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். அம்மா போன பிறகு அவனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை இஸ்திரி போட்டது, ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் கலாதான்.

"மாமா, உங்க கழுத்து வேலை செஞ்சு தேஞ்ச கழுத்து," என்றான் முதல் நாளே. "தலைகீழா நிக்கிறதெல்லாம் உங்களுக்கு வேணாம். தோள் ஸ்ட்ராங் ஆகட்டும், அப்புறம் பாப்போம் லா."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து விரிப்பில் மார்சிலிங்கிலிருந்து வரும் ஓர் அம்மா. வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் கொட்டாவி விடுகிற மாதிரி அலட்டாமல் சிரசாசனத்தில் போய் நின்றார். நான் கீழே குப்புறக் கிடந்து அவருடைய குதிகாலைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

பூன் லேயில் எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். முதலில் முன்னங்கை இரண்டையும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். பிறகு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சுவரோடு. பிறகு சுவரை விட்டு. இதை நிதானமாகச் செய்கிறவர்களுக்கு அது யோகா. நான் செய்தது அடிதடி. உதைத்த உதையில் அலமாரிக் கதவு பெயர்ந்தது. மேசை விசிறி உடைந்தது. தோள் நடுங்கினால் பல்லைக் கடித்து அதைத் திட்டினேன். எடை முன்னங்கையில் இருக்க வேண்டும், தலையில் இறங்கக் கூடாது என்று தினேஷ் தொண்டை வறளச் சொல்லியிருந்தான். தோள் சோர்ந்ததும் நான் மொத்த எண்பத்தாறு கிலோவையும் உச்சந்தலையில் இறக்கினேன். ஐந்து மாசத்தில் சிரசாசனத்தில் நூறு எண்ணும் வரை நின்றேன். அடுத்து விருச்சிகாசனம். தலைகீழாக நின்றபடியே முதுகை வளைத்து, இரண்டு காலையும் தேளின் கொடுக்கு மாதிரி தலைக்கு மேலே கொண்டுவர வேண்டும்.

ஒரு புதன்கிழமை அதற்காக வளைந்துகொண்டிருந்தபோது, எண்ணிக்கை அறுபதில் இருக்கும், வலது காதுக்குப் பின்னால் டக் என்றது. அங்கேயிருந்து தோள் வரைக்கும் யாரோ கத்தியால் கோடு போட்ட வலி. உடனே இறங்கியிருக்க வேண்டும். பெட்டி அந்தரத்தில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. நூறு எண்ணி முடித்துத்தான் இறங்கினேன்.

கலாவிடம் தலையணை சரியில்லை என்றேன். அன்று சாயங்காலமே போய்ப் புதுத் தலையணை வாங்கிவந்து, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தைலம் தேய்த்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு தேய்க்கக் கொடுத்தேன். வேலைக்கும் போனேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தினேஷ் வேறொருவருக்கு முதுகைச் சரிபண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் சிரசாசனத்தில் மேலே போனேன். மார்சிலிங் அம்மா பார்க்கட்டும் என்றுதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. நாற்பது எண்ணும்போது தினேஷின் குரல் கேட்டது.

"மாமா, இறங்குங்க."

அறுபதில் மறுபடி. எண்பதில் மறுபடி, இந்த முறை பக்கத்தில் வந்து. நான் சாய்ந்து விழுந்துவிடாமல் இருக்க ஆடுதசையில் உள்ளங்கையை வைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. நான் நூறு எண்ணி முடித்து, காலைக் கீழே வைத்து, நிமிர்ந்து நின்றேன்.

தரை எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தது. அறை சுற்றியது என்று சொல்வார்கள். சுற்றவில்லை, என்னைத் தூக்கித் தூக்கி அடித்தது. கண்ணை மூடினாலும் அடித்தது. வாந்தி மூக்கு வழியாக வந்தது. என்னைப் பிடிக்க வந்த தினேஷை யார் என்றே தெரியாமல் முஷ்டியால் குத்தினேன். அவன் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அந்தச் சட்டையோடுதான் ஆம்புலன்ஸில் என்னோடு வந்தான்.

கலா டாக்சி பிடித்து அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குக் குரல் பாதி போயிருந்தது. வலது இமை தொங்கிவிட்டது. அவள் என் முகத்துக்கு மேலே குனிந்தாள்.

"ஏங்க, என்னாச்சு? நல்லாத்தானே போனீங்க?"

"உன் தம்பி," என்றேன். "காலைப் புடிச்சு இழுத்துட்டான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை என்னையே கேட்டுவிட்டேன். செத்துவிடுவேன் என்று பயம். அதைவிட, தன் முட்டாள்தனத்தால் செத்தான் என்று அவள் நினைத்துவிடுவாளே என்ற பயம். ஒரு நொடியில் வாயிலிருந்து விழுந்தது. விழுந்ததை எடுக்க அப்புறம் தைரியம் வரவில்லை.

நோயை டாக்டர் ஒரு குழாயைப் படம் வரைந்து விளக்கினார். கழுத்தெலும்புகளுக்கு உள்ளே புகுந்து மூளையின் பின்பக்கத்துக்கு ஏறும் ரத்தக்குழாய் இரண்டு உண்டு. என்னுடைய வலது குழாயின் உள்பக்கத் தோல் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து உப்பி, அங்கே உறைந்த ஒரு துணுக்கு மேலே போய் மூளைத் தண்டில் அடைத்துக்கொண்டது. அதாவது பக்கவாதம். ஆனால் கை கால் விழுகிற வகை இல்லை. விழுங்குவதும், பேசுவதும், நேராக நிற்பதும் போகிற வகை. இன்னொரு விசித்திரமும் இருந்தது. முகத்தில் வலது பக்கம் மரத்திருந்தது. கழுத்துக்குக் கீழே இடது பக்கம் முழுக்க வலியும் சூடும் குளிரும் தெரியவில்லை. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் சுடும் என்றார்கள். எனக்குப் பாதி உடம்புதான் சுட்டது. ஊசியால் இடது கையைக் குத்தினார்கள், யாருடைய கையையோ குத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்சில்கூட இறங்கவில்லை. விழுங்கினால் மூச்சுக்குழாயில் போய் நுரையீரல் கெட்டுவிடும் என்று மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். இரண்டு தாதியர் தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் குழாயைத் தள்ளினார். நான் திமிறி ஒருவரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டேன். மூன்றாம் முறைதான் இறங்கியது. மறுபடி பிடுங்கி எறிந்ததால் இரண்டு கைக்கும் குத்துச்சண்டைக்காரன் உறை மாதிரி ஒன்றை மாட்டி வைத்தார்கள். பிறகு விக்கல். விக்கல்தானே என்று சிரிக்காதீர்கள். நான்கு நாள், நிமிஷத்துக்குப் பத்து தடவை, உள்ளே இருந்து ஒருவன் விலா எலும்பை உதைத்துக்கொண்டே இருந்தான். என்னைக் கொன்றுவிடுங்கள் என்று சைகை காட்டியிருக்கிறேன். அந்த உதையோடு கலா ராத்திரி பகல் பார்க்காமல் என் நெஞ்சில் கையை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. அது வந்தது, கட்டினோம்.

இரண்டாம் நாள் பார்வையாளர் நேரத்தில் தினேஷ் வந்தான். உதட்டில் தையல். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்று "அக்கா" என்றான். கலா எழுந்து போனாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அறைந்தாள். தையல் போட்ட பக்கமே அறைந்தாள். ஆறு கட்டில் உள்ள வார்டில் பக்கத்துச் சீனக் கிழவர் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என் புருஷனைப் படுக்க வச்சிட்டு இப்ப பாக்க வர்றியா? கழுத்து தேஞ்சவருன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே இழுத்திருக்க."

உதடு மறுபடி ஒழுகியது. அவன் துடைக்கக்கூட இல்லை.  என்னைப் பார்த்தான். நீங்க சொல்லுங்க மாமா என்கிற பார்வை. வலது இமை தானாகவே மூடிக் கிடந்தது. இடது கண்ணை நானேதான் மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் உள்ளே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் மத்தியானம் வார்டு முகப்பில் அக்காவுக்கென்று ஒரு சாப்பாட்டு டப்பா வைத்துவிட்டுப் போனான். தோசை, இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாதம், கலாவுக்குப் பிடித்த மாதிரி ஊறுகாய் தனியாக. தாதி கொண்டுவந்து கொடுப்பார். கலா வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல், டப்பாவோடு குப்பைத்தொட்டியில் எறிவாள். தொட்டி அதிரும். மூக்கில் குழாயோடு பால் மாதிரி ஒரு திரவத்தில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்த எனக்குத் தோசை வாசனை வரும். ஆறு நாள், ஆறு டப்பா. அவள் கீழே கேன்டீனில் ரொட்டியும் கோப்பியும் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

ஐந்தாம் நாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இரும்புக் குழலுக்குள்ளே அரை மணி நேரம் சம்மட்டியால் அடிக்கிற சத்தம். சாயங்காலம் டாக்டர் மட்டும் தனியாக வந்தார். கலா குளிக்கப் போயிருந்தாள். ரத்தக்குழாயின் சுவருக்குள்ளே இருக்கும் ரத்தம் ஞாயிற்றுக்கிழமை ரத்தம் மாதிரி தெரியவில்லை, இன்னும் சில நாள் பழசு மாதிரி இருக்கிறது, முன்னாலேயே கழுத்தில் ஏதாவது வலி வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்போது எனக்குக் குரல் காற்றாகத்தான் வரும் என்பதால் எழுதிக்காட்ட ஒரு வெள்ளைப் பலகை கொடுத்திருந்தார்கள். அவரே ஒரு கையின் உறையைக் கழற்றிவிட, பலகையில் 'இல்லை' என்று எழுதினேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார். கலா வருவதற்குள் எழுதியதை அழித்துவிட்டேன்.

என் மகள் ஹரிணி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். கோபத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள். தினேஷ் வேலை பார்க்கும் சமூக மன்றத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதி, கட்டில் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துப் படித்துக் காட்டினாள். மாமாவை இனி எந்த வகுப்பும் எடுக்க விடக் கூடாது, இன்னொரு குடும்பம் இப்படி ஆகக் கூடாது என்று நறுக்கு நறுக்கென்று எழுதியிருந்தாள். குரல் உடையாமல் படித்தாள். இந்த மாமாதான் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன்.

"அப்பா, நீங்கதான் பேஷண்ட். உங்க வாயால ஓகே சொன்னாத்தான் அனுப்புவேன். பேச்சு வரட்டும், வெயிட் பண்றேன்."

ஒன்பதாம் நாள் விழுங்கும் பரிசோதனை. பேச்சு, விழுங்கல் சிகிச்சை கொடுக்கும் பெண் நம் தமிழ்ப் பெண். கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு தேக்கரண்டியில் எடுத்துக்கொண்டாள்.

"அங்கிள், தலையை வலது பக்கம் திருப்புங்க. நாடியை நெஞ்சுப் பக்கமா இறக்குங்க. அவசரமே இல்ல. ரெடி ஆனதும் பலமா விழுங்குங்க."

தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். விழுங்கினேன். இருமல் வரவில்லை. இன்னொரு கரண்டி. அதுவும் போய்ச் சேர்ந்தது. அந்த ருசியில்லாத கொழகொழத் தண்ணீருக்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன். "பேசிப் பாருங்க" என்றாள். "கலா" என்றேன். தகரத்தைத் தரையில் தேய்க்கிற குரல், ஆனாலும் குரல். கலா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் போனதும் கலா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹரிணி போனை எடுத்தாள்.

"அப்பா, அனுப்பிடவா?"

"அனுப்பு," என்றாள் கலா. "இவருக்குப் பேச்சு வர்ற வரைக்கும் தாங்கிட்டேன். இனிமே அவன் செத்தாலும் நான் போக மாட்டேன். எனக்குத் தம்பியே கிடையாது."

 வளர்த்த கையால் அவனை வெட்டி எறிகிறாள், அதுவும் எனக்காக. விக்கல் உதைத்ததைவிட அது பலமாக உதைத்தது.

"அனுப்பாதே," என்றேன். "அவன் இழுக்கல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இறங்குங்கன்னு சொன்னான். நான்தான் இறங்கல. மூணு தடவை சொன்னான். நான் விழுந்துடக் கூடாதுன்னுதான் காலைத் தொட்டான். கழுத்து புதன்கிழமையே போச்சு. வீட்டுல. தலையணை எல்லாம் சும்மா சொன்னேன்."

ஹரிணி போனை இறக்கினாள். "நீங்க பொய் சொன்னீங்களா, அப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் திரைச்சீலையை இழுத்துத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டாள்.

 கலா பிடித்திருந்த என் இடது கையைக் குனிந்து பார்த்தேன். சதையைக் கிள்ளித் திருகிக்கொண்டிருந்தாள். நகம் பதிந்து தோல் சிவந்துவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்தாள். அது அசையவில்லை என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்தாள். கட்டிலைச் சுற்றி நிதானமாக நடந்து, நாற்காலியை நகர்த்திவிட்டு, வலது பக்கம் வந்து நின்றாள். தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொரு முறை. இன்னொரு முறை.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"ஆறு நாள் அவன் கொண்டுவந்த சோத்தைக் குப்பையில போட்டேன். நீங்க பாத்துக்கிட்டுதானே படுத்திருந்தீங்க?"

 அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போட்டு என் நெஞ்சின் மேல் வைத்தாள். மணி ஒரு முறை அடிப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"அக்கா?"

 கலா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.  அந்தப் பக்கம் அவன் குரல் உடைந்தது.

"அக்கா, மாமா போயிட்டாரா? அக்கா, சொல்லுக்கா. போயிட்டாரா? நான்தான் கா, நான் இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்து புடிச்சிருக்கணும். தப்பு என் மேலதான்."

நான் யாருக்கு இந்தக் கேடு செய்தேனோ அவன் எனக்காக வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான். ஒன்பது நாளும் அந்தத் தப்பை அவனே சுமந்துகொண்டு டப்பா கட்டியிருக்கிறான்.

"இருக்கேன்டா," என்றேன் அந்தத் தகரக் குரலில். "தினேஷ், நான்தான். உன் மேல தப்பு இல்ல. நீ இழுக்கல. அக்காகிட்ட சொல்லிட்டேன். நீ மூணு தடவை இறங்கச் சொன்ன, நான் கேக்கல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடிக்க முடியாத ஒருவனை அடிக்க நினைக்கிற மாதிரி மூச்சு வாங்கினான்.

"நாலு தடவை சொன்னேன், மாமா," என்றான்.